வண்டி வாங்கும் படலம் – 12: மாறுவேட வாடிக்கையாளர்

ஒரு புதிய காரின் எக்ஸ் ஷோரூம் விலை எப்படி ஆன்ரோடு விலையாக வளர்கிறது என்பது சென்ற இரு இதழ்களில் விளக்கப்பட்டது. தொடர்ந்து படித்து வருவோருக்கு அதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. இந்த வாரத்துக்கென அறிவிக்கப்பட்ட பொருள் எக்ஸ்டெண்டட் வாரண்டி, அதாவது உற்பத்தி நிறுவனம் காரின் விலையோடு சேர்த்தே தரும் உத்தரவாதக் காலம் முடிந்த பின்னரும் பழுதுகளைச் செலவின்றிச் சரிசெய்து தருவதாகக் கூறித் தனி விலைக்கு விற்கப்படும் நீட்டிப்பு உத்தரவாதம். அதற்கான தாளை டீலர் ஏன் அத்தனை முனைப்போடு வாங்குபவர் முன் நீட்டுகிறார் என்ற கேள்வியின் வேரைத் தேடிச் சென்றால், இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்ட் 23 அன்று பிறப்பித்த ஓர் ஆணையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. கார் வாங்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய அந்த ஆணை பொதுவெளியில் போதிய அளவு பேசப்படவில்லை என்பதால், அதையே முதலில் எடுத்துக்கொள்வது முறையாகும்.

2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட இந்த ஆணையத்தின் பணி, சந்தையில் விற்போர் தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடுகளால் வாங்குவோருக்குக் கிடைக்க வேண்டிய போட்டியின் பலன் தடைபடாமல் பார்த்துக்கொள்வதாகும். நாட்டின் மிகப் பெரிய கார் உற்பத்தி நிறுவனமான மாருதி சுசூகியின் விற்பனைக் கொள்கை, வாடிக்கையாளரின் நலனுக்கு எதிரானது என்று குற்றம்சாட்டி, அதன் டீலர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஒருவர் பெயர் குறிப்பிடாமல் அனுப்பிய மின்னஞ்சலிலிருந்து இந்த வழக்கு தொடங்கியது. மும்பை நீங்கலான மகாராஷ்டிரத்தையும் கோவாவையும் உள்ளடக்கிய விற்பனை மண்டலத்தைப் பற்றியதே முதல் புகார் என்றாலும், விசாரணை விரிந்தபோது அதே நடைமுறை வேறு பகுதிகளிலும் இருந்தது தெரியவந்தது. நிறுவனம் அறிவித்த சலுகைக்கு மேல் எந்த டீலரும் தம் விருப்பப்படி விலையைக் குறைக்கவோ இலவசப் பொருள்களைச் சேர்த்துக் கொடுக்கவோ கூடாது என்றும், கொடுக்க விரும்பினால் நிறுவனத்தின் முன் அனுமதியைப் பெற வேண்டும் என்றும் ஓர் ஏற்பாடு டீலர்களுடன் இருந்ததாக ஆணையம் முடிவுசெய்தது. தள்ளுபடிக் கட்டுப்பாட்டுக் கொள்கை என்று அதற்குப் பெயர்.

கட்டுப்பாடு இருந்தது என்பதைவிட, அது காப்பாற்றப்பட்ட விதம்தான் கூர்ந்து நோக்கத்தக்கது. ஆணையத்தின் முடிவுப்படி, வாடிக்கையாளர் போல நடித்து ஷோரூம்களுக்குச் சென்று வரும் முகமைகளை நிறுவனம் அமர்த்தியிருந்தது. மாறுவேடத்தில் நகர்வலம் வந்த அரசர்களைக் கதைகளில் படித்த சமூகத்துக்கு இது புதிய உத்தியாகத் தோன்றாது என்றாலும், இங்கே மாறுவேடம் பூண்டவர் குடிமக்களின் குறையைக் கேட்க வரவில்லை. கார் வாங்க வந்தவர் போல உட்கார்ந்து, விலையைக் கேட்டு, இன்னும் எவ்வளவு குறையும் என்று பேரம் பேசி, விற்பனையாளர் மனமிரங்கிக் கூடுதல் தள்ளுபடி தருவதாகச் சொன்னால் அதை ஒலியாகவும் காணொளியாகவும் பதிவுசெய்து நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு அவர் அனுப்பினார். அதன் பின்னர் அந்த டீலருக்குத் தணிக்கை அறிக்கையோடு ஒரு மின்னஞ்சல் வரும். அதில் குறிப்பிடப்பட்ட கூடுதல் தள்ளுபடிக்கு விளக்கம் கேட்கப்படும். விளக்கம் நிறைவளிக்கவில்லையெனில் அபராதம் விதிக்கப்படும். சில நேர்வுகளில் வண்டி அனுப்புவதே நிறுத்தப்படும் என்ற எச்சரிக்கையும் சேர்ந்து வரும். அபராதத் தொகையை எங்கே செலுத்த வேண்டும், அதை எதற்குச் செலவிட வேண்டும் என்பதையும் நிறுவனமே சொன்னதாக ஆணை பதிவுசெய்கிறது.

அபராதம் டீலர் நிலையத்தோடு நிற்கவில்லை. நேரடி விற்பனையாளர், குழுத் தலைவர், ஷோரூம் மேலாளர், வட்டார மேலாளர் என்று தனி மனிதர்கள்மீதும் அது விதிக்கப்படும் என்ற அச்சுறுத்தல் இருந்தது. ஷோரூமில் மேசைக்கு எதிர்ப்புறம் அமர்ந்திருக்கும் இளைஞரின் நிலையை இந்த ஒரு தகவல் முழுமையாக மாற்றிக் காட்டுகிறது. பல ஆண்டுச் சேமிப்போடு வந்த குடும்பம் ஐயாயிரம் ரூபாய் குறைக்கச் சொல்லிக் கெஞ்சும்போது, அவர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே தம் கையில் ஒன்றுமில்லை என்று சொன்னதை வாங்குபவர் ஆணவமாக எடுத்துக்கொண்டிருக்கலாம். எதிரில் இருப்பவர் உண்மையான வாடிக்கையாளரா, தம் சொல்லைப் பதிவுசெய்ய வந்தவரா என்று தெரியாத ஓர் ஊழியரின் அச்சமாகவும் அது இருந்திருக்கலாம். பேரம் என்பது இரு தரப்பும் தத்தம் எல்லையைத் தாமே முடிவுசெய்யும்போது மட்டுமே நடக்கக்கூடியது. ஒரு தரப்பின் எல்லையை அறையில் இல்லாத மூன்றாமவர் முன்பே வகுத்துவிட்டால், பக்கத்து ஊர் டீலரிடம் விலை விசாரித்து வருவதற்கும் பொருளில்லை.

பொருளை மொத்தமாக வாங்கி மீண்டும் விற்பவர் எந்த விலைக்கு விற்க வேண்டும் என்று உற்பத்தியாளர் கட்டுப்படுத்துவதை மறுவிற்பனை விலைக் கட்டுப்பாடு என்று சட்டம் அழைக்கிறது. போட்டிக்குக் கேடு விளைவிக்கும் அத்தகைய ஏற்பாட்டைப் போட்டிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு தடுக்கிறது. அப்பிரிவை மீறியதாகக் கண்ட ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்து, இந்நடைமுறையைக் கைவிடவும் கட்டளையிட்டது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குச் சென்றது. இதேபோன்ற குற்றச்சாட்டில் 2017இல் ஹூண்டாய் நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட 87 கோடி ரூபாய் அபராதத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2018இல் ரத்து செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இவ்விஷயத்தில் சட்டத்தின் இறுதிச் சொல் ஒரே ஆணையோடு முடிந்துவிடுவதில்லை என்றாலும், ஷோரூமுக்குள் விலை எவ்வாறு காவல் காக்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு இந்தியாவில் கிடைப்பது அரிது.

இனி, இதற்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கும் உள்ள தொடர்பு. காரின் விலையையும் அதில் டீலருக்கு உரிய பங்கையும் உற்பத்தியாளரே வகுத்துவிடும்போது, டீலர் தம் திறமையால் வருவாயைக் கூட்டிக்கொள்ளக்கூடிய இடங்கள் காருக்கு வெளியே இருக்கின்றன: காப்பீடு, வங்கிக் கடன், சீட் கவர் முதலான துணைப்பொருள்கள், நீட்டிப்பு உத்தரவாதம். காரின் விலையில் அசையாத விற்பனையாளர் இந்த நான்கில் மட்டும் வாங்குபவரை வற்புறுத்துவதன் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும்.

இவற்றுள் காப்பீட்டைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க இயலாது. கோயம்புத்தூரின் புகழ்பெற்ற எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்பு குறித்து உச்ச நீதிமன்றத்தில் 2012இல் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2018 ஜூலையில் பிறந்த உத்தரவின் விளைவாகவே, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானது. விபத்தில் அடிபட்ட அப்பாவிக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தில் எழுந்த அந்த விதி கட்டாயமாக்கியது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பீட்டை ஓராண்டுக்கு எடுத்தாலே போதும், அதை எந்த நிறுவனத்திடம் வேண்டுமானாலும் எடுக்கலாம். டீலர்கள் காப்பீடு விற்பதற்கெனக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017இல் வகுத்த நெறிமுறைகளின்படி, தம்மிடமே எடுக்க வேண்டும் என்று டீலர் வாங்குபவரைக் கட்டாயப்படுத்த முடியாது. வெளியே காப்பீடு எடுத்தால் டெலிவரி தாமதமாகும் என்ற மிரட்டல் வந்தால், அதை எழுத்தில் தருமாறு கேட்பதே போதுமான மறுமொழியாகும்.

நீட்டிப்பு உத்தரவாதத்தைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உத்தரவாதம் தருபவர் யார் என்பது. உற்பத்தி நிறுவனமே தரும் திட்டம் ஒரு வகை. டீலர் தாமாகவோ வேறொரு நிறுவனத்தோடு சேர்ந்தோ விற்கும் திட்டம் இன்னொரு வகை. இரண்டும் ஒரே மேசையில், ஒரே விற்பனையாளரால், ஒரே சொற்களில் விற்கப்படுவதால் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் டீலரும் உற்பத்தியாளரும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு நபர்கள் என்பதை டாடா மோட்டார்ஸ் எதிர் அன்டோனியோ பாலோ வாஸ் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அழுத்தமாகக் காட்டியது. 2011ஆம் ஆண்டு மாடலுக்குப் பணம் கட்டிய கோவா வாடிக்கையாளருக்கு, ஏற்கனவே 622 கிலோமீட்டர் ஓடிய 2009ஆம் ஆண்டு மாடல் தரப்பட்ட வழக்கு அது. டீலர் பொருளைத் தம் பொறுப்பில் வாங்கி விற்பவராக இருக்கும்போது, அவர் செய்த தவறு உற்பத்தியாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டப்படாத நிலையில் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று கூறி, டாடா மோட்டார்ஸை நீதிமன்றம் விடுவித்தது. ஷோரூமின் நெற்றியில் எழுதப்பட்ட பெரிய பெயரை நம்பி டீலரின் சொந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டுவோர் இத்தீர்ப்பை நினைவில் வைக்க வேண்டும். டெலிவரிக்கு முன்னரே ஓடோமீட்டரையும் சேஸிஸ் எண்ணையும் உற்பத்தியான மாதம், ஆண்டு ஆகியவற்றையும் சரிபார்ப்பதன் தேவையும் இதிலிருந்து விளங்கும்.

இரண்டாவது, காலத்தையும் தொலைவையும் சேர்த்துக் கணக்கிடுவது. உத்தரவாதங்களில் ஆண்டும் கிலோமீட்டரும் குறிப்பிடப்பட்டு, எது முன்னதாக முடிகிறதோ அதோடு உத்தரவாதம் முடியும் என்று எழுதப்பட்டிருக்கும். மாருதி சுசூகி 2024 ஜூலையில் தன் அடிப்படை உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டரிலிருந்து மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டராக உயர்த்தியது. மாதம் 3,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அந்த ஒரு லட்சம் மூன்று ஆண்டு முடியும் முன்பே தீர்ந்துவிடும். மாதம் 500 ஓட்டுபவர் மூன்று ஆண்டில் 18,000 கிலோமீட்டரைத்தான் கடந்திருப்பார். முன்னவர் ஆண்டைப் பார்த்து நீட்டிப்பு வாங்கினால் ஏமாறுவார். பின்னவர் கிலோமீட்டரைக் கூட்டித் தரும் விலையுயர்ந்த திட்டத்தை வாங்கினால் ஓடாத தொலைவுக்குப் பணம் கொடுப்பார். நீட்டிப்பைப் பெரும்பாலும் அடிப்படை உத்தரவாதம் முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்க முடியும் என்பதால், தாமதிக்கத் தாமதிக்க விலை ஏறும் என்றபோதிலும், டெலிவரி நாளின் பரபரப்பில் கையெழுத்திட்டாக வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

மூன்றாவது, எவை விலக்கப்பட்டிருக்கின்றன என்பது. கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர், ரப்பர் புஷ் போன்ற தேய்மானப் பொருள்கள் பொதுவாக இதில் அடங்குவதில்லை. ஆனால் ஓடும் வண்டியில் அடிக்கடி செலவு வைப்பவை அவையே. நீட்டிப்பு உத்தரவாதம் உண்மையில் கைகொடுப்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டர்போ, டீசல் இன்ஜெக்டர், ஏசி கம்ப்ரஸர், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்ற, அரிதாகப் பழுதாகி ஒரே அடியில் பெருந்தொகையை விழுங்கும் பாகங்களுக்குத்தான். ஆகவே இவை நிறைந்த வண்டியை ஐந்தாறு ஆண்டுகள் வைத்திருக்க நினைப்பவர், உற்பத்தி நிறுவனமே தரும் திட்டத்தை வாங்குவது அறிவுடைமை. கைக்கியர் கொண்ட சிறிய பெட்ரோல் காரைக் குறைவாக ஓட்டி நான்காம் ஆண்டில் விற்றுவிடுபவருக்கு அது தேவையற்ற செலவு.

இந்த உத்தரவாதத்தோடு ஒட்டிவரும் நிபந்தனையொன்று தனியே பேசப்பட வேண்டியது. வெளியே ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைத் திறந்து காட்டினாலே வாரண்டி போய்விடும் என்பது ஷோரூம்களில் வழங்கும் பொதுவான எச்சரிக்கை. 2014 ஆகஸ்ட் 25 அன்று, ஷம்ஷேர் கட்டாரியா என்ற நுகர்வோரின் புகாரில், 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்த அதே போட்டி ஆணையம், உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்காமல் செய்ததைக் கண்டித்ததோடு, வெளியே பழுதுபார்த்த ஒரே காரணத்துக்காக உத்தரவாதம் முழுவதையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் கட்டளையிட்டது. வெளியே செய்த தவறான வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்பது அந்த ஆணையின் சாரம். அதன்மீது எழுந்த மேல்முறையீடுகள், 2016இல் மூன்று நிறுவனங்கள் தொடர்பாக வந்த தீர்ப்பு, அந்த ஆணைக்குப் பின்னும் உத்தரவாதக் கையேடுகளில் நீடிக்கும் வாசகங்கள், உத்தரவாதம் மறுக்கப்பட்டவர் நுகர்வோர் ஆணையத்தை அணுகும் வழி ஆகியவை விரிவாகச் சொல்லப்பட வேண்டியவை என்பதால் அடுத்த இதழுக்கு ஒத்திவைக்கப்படுகின்றன. அதற்குள், கார் வைத்திருக்கும் வாசகர்கள் தம் வண்டியோடு வந்த உத்தரவாதக் கையேட்டை எடுத்து, விலக்குகள் பட்டியலிடப்பட்ட பக்கத்தை ஒருமுறை முழுமையாகப் படித்து வைக்க வேண்டும்; வாங்கவிருப்போர் விளம்பரத் தாளை ஒதுக்கிவிட்டு, அந்த முழுக் கையேட்டைக் கேட்டுப் பெற்ற பின்னரே கையெழுத்திட வேண்டும்.