தூண்டிலோடு வெளியூர் போகிறீர்களா? மூட்டை கட்டும் முன் இதைப் படியுங்கள்!

பள்ளிக்கூடம் விடுமுறை. "எங்காவது போகலாம், அப்பா!" என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். காரும் தயார். "தூண்டிலையும் எடுத்துக்கொள்வோம்" என்கிறார் சித்தப்பா. எல்லோருக்கும் ஒரே குஷி!

ஆனால், உங்கள் ஊர் ஏரி வேறு. பழகாத தண்ணீர் வேறு. அங்கே மீனும் புதிது, ஆழமும் புதிது. ஆகவே, மூட்டையை யோசித்துக் கட்ட வேண்டும்.

மேட்டூருக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். சேலத்தில் இருந்து சுமார் 50 கிலோ மீட்டர். காவிரியின் குறுக்கே 1934-ம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அணை அது. 120 அடி வரை தண்ணீரைத் தேக்கலாம்.

முதலில் விசாரணை!

அணைத் தண்ணீரில் நினைத்தவர் எல்லாம் மீன் பிடித்துவிட முடியாது. மீன்வளத் துறை அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். "இங்கே என்ன மீன் கிடைக்கும்? எங்கே நின்று பிடிக்கலாம்? எங்கே போகக் கூடாது?" இந்த மூன்று கேள்விகளையும் உள்ளூர் மீனவரிடம் கேளுங்கள். அதற்குப் பிறகு மூட்டையைக் கட்டுங்கள்.

முள்ளும் நரம்பும்

கடையில் முள் வாங்கும்போது எண்ணைப் பார்க்க வேண்டும். 4-ம் எண் முள்ளைவிட 10-ம் எண் முள் சிறியது! எண் கூடினால் முள் சின்னது. இது பலருக்குத் தெரியாது. புது இடத்துக்குப் போகும்போது சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடத்து தங்கூஸ் நரம்பை அப்படியே நம்பாதீர்கள். வெயில் பட்டால் நைலான் நரம்பு வலு இழந்துவிடும். ஒரு முழம் எடுத்து இழுத்துப் பாருங்கள். 'பட்'டென்று அறுந்தால் தூக்கிப் போடுங்கள். முடிச்சு போடும்போது எச்சிலாலோ தண்ணீராலோ நனைத்து இறுக்குங்கள். காய்ந்த நரம்பை இறுக்கினால் சூடேறி, முடிச்சு இருக்கும் இடம் பலவீனமாகிவிடும்.

ஈயக்குண்டு, தக்கை, சிறு கத்தி, மூக்குக் குறடு இவையும் வேண்டும். குறடு எதற்கு? மீன் வாயில் இருந்து முள்ளைக் கழற்ற!

எந்த மீனுக்கு எந்த இரை?

கெண்டை வகைக்கு மைதா மாவு உருண்டை போதும். ஜிலேபிக்கு மண்புழு. கெளுத்திக்கும் புழுதான், ஆனால் தரையை ஒட்டிக் கிடக்க வேண்டும். வாளை மீனுக்குக் கூரிய பல் உண்டு; நரம்பை அறுத்துவிடும். முள்ளுக்கு மேலே ஒரு சாண் மெல்லிய எஃகுக் கம்பி கட்டிக்கொள்ளுங்கள்.

உயிர் மீனை இரைக்காக ஊர் விட்டு ஊர் கொண்டு போகாதீர்கள். ஜிலேபி மீன் நம் நாட்டு மீன் அல்ல. ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-ம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று குளம், குட்டை எங்கும் பரவி, நாட்டு மீன்களுக்குப் போட்டியாக இருக்கிறது. மிஞ்சிய இரையைத் தண்ணீரில் விட்டால் இப்படித்தான் ஆகும்.

காரில் குழந்தைகள் உண்டே!

முள்ளைக் கோலில் மாட்டியபடி காரில் வைக்கக் கூடாது. வண்டி குலுங்கினால் குழந்தையின் கண்ணுக்கு ஆபத்து. முட்களை மூடியுள்ள டப்பாவில் போட்டு, பின்பக்கப் பெட்டியில் வையுங்கள். யார் கையிலாவது முள் ஆழமாக ஏறிவிட்டால் பிடுங்காதீர்கள். நரம்பை மட்டும் வெட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கெளுத்தியும் தேளியும் துடுப்பு முள்ளால் குத்தும். தேளி குத்தினால் வலி கடுமையாக இருக்கும். தோல் பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் கையை வைத்தால் வலி குறையும். பிறகு டாக்டரிடம் காட்டுங்கள். அதனால் பிளாஸ்க்கில் வெந்நீர் இருக்கட்டும்!

'கார்பன்' கோல் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் மின்சாரம் பாயும். மின்கம்பிக்குக் கீழே நின்று கோலைத் தூக்காதீர்கள். இடி மின்னல் வந்தால் கோலைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குள் போய்விடுங்கள்.

உஷார்! தண்ணீர் வருகிறது!

மேட்டூரில் வெயில் அடிக்கும். கர்நாடகத்தில் குடகு மலையில் மழை கொட்டும். அந்த மழை இங்கே வெள்ளமாக வந்து சேரும். அணை நிரம்பினால் 16 கண் மதகு வழியாகத் தண்ணீர் பாயும். முழங்கால் அளவு இருந்த இடத்தில் ஆள் மூழ்கும் தண்ணீர் வந்துவிடும்.

ஆகவே, அணைக்குக் கீழே ஆற்றின் நடுப் பாறையில் ஏறி உட்காரவே கூடாது. தண்ணீர் திறக்கும் அறிவிப்பு உண்டா என்று காலையிலேயே விசாரியுங்கள். மூட்டையில் 50 அடி கயிறும், காற்றடைத்த காலி பிளாஸ்டிக் கேன் ஒன்றும் இருக்கட்டும். கயிற்றின் நுனியில் கேனைக் கட்டி வீசினால், தண்ணீரில் விழுந்தவர் பிடித்துக்கொள்வார். நீச்சல் தெரியாதவர் குதித்துக் காப்பாற்ற முயன்றால், போவது இரண்டு உயிர்!

கிளம்பும்போது அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள். அது எளிதில் மக்காது. கொக்கின் காலில் சுற்றினால் கொக்கு பறக்க முடியாமல் சாகும். சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மீன் கிடைத்தால் ராத்திரி குழம்பு. கிடைக்காவிட்டால் மேட்டூர்க் கடையில் வாங்கிக்கொள்ளலாம். காரில் போனவர்கள் அத்தனை பேரும் பத்திரமாக வீடு திரும்பினார்களா? அதுதான் முக்கியம்!