பொட்டலத்தில் ஏறிய தேள்

சிகரெட் பெட்டியின் எச்சரிக்கைப் படத்தை ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று கயத்தாறு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தினமும் பார்க்கிற படம் கண்ணில் பட்டாலும் மனசில் தைக்காது. அதனால் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை படம் மாற வேண்டும் என்று விதியே இருக்கிறது.

அமெரிக்காவில் 1966-இல் எச்சரிக்கை வாசகம் வந்தது. இங்கே 1975-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் சிகரெட்டுக்கு மட்டும். கரிசலில் பாடுபடுகிறவர் கையில் இருந்ததோ பீடி. அதைச் சேர்த்துக்கொள்ள 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் படம் 2009 மே 31-இல்தான் வந்தது.

அப்போது மெல்லும் புகையிலைப் பொட்டலத்தில் போட்ட படம் தேள்! என்னை விடாமல் யோசிக்கவைத்த படம் இது. தேளை நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பருத்திமார்க் கட்டைத் தூக்கும்போது கொட்டு வாங்காத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு. கொட்டிய நொடியே உயிர் போகிற மாதிரி கடுக்கும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மறுநாள் இறங்கிவிடும். புகையிலை இதற்கு நேர்மாறு. போட்ட நேரம் சுகம். பல வருஷம் கழித்து வாயில் ஆறாத புண். உடனே வலித்து விலகவைக்கும் பூச்சியைக் காட்டி, வலிக்காமல் அரிக்கும் நோயை எப்படிப் புரியவைப்பது? 2011 டிசம்பரில் தேளை எடுத்துவிட்டு, புற்று அரித்த வாயையே போட்டார்கள். பார்க்கக் கொடுமைதான். ஆனாலும் அதுவே நேர்மையான படம்.

முதலில் முன்பக்கத்தில் மட்டும் 40 சதவீதம் இருந்த எச்சரிக்கை, 2016 ஏப்ரல் முதல் இருபக்கமும் 85 சதவீதம் ஆனது. 2018 செப்டம்பரிலிருந்து, பழக்கத்தை விட நினைப்பவர்கள் இலவசமாக அழைக்க 1800-11-2356 என்ற எண்ணும் அச்சாகிறது.

இவ்வளவும் அட்டையில் இருக்கிறது. பெட்டிக்கடையில் "அண்ணாச்சி, ஒண்ணு குடுங்க" என்று ஒற்றை சிகரெட் வாங்குகிற பையன் அட்டையைப் பார்ப்பதே இல்லை. படமும் போன் நம்பரும் கடைக்காரரிடமே தங்கிவிடுகின்றன. புதிதாகப் பழகுகிறவனுக்கு முழுப் பெட்டி வாங்கக் காசும் இருக்காது, வீட்டில் ஒளித்துவைக்க இடமும் இருக்காது. எச்சரிக்கை முதலில் சேர வேண்டியது அவனிடம்தான்.

கனடா 2023-இல் ஒவ்வொரு சிகரெட்டின் தாளிலும் எச்சரிக்கையை அச்சிட ஆணையிட்டது. பீடி இலையில் அது எளிதல்ல. மகாராஷ்டிரம் 2020-இல் சிகரெட், பீடி இரண்டையும் உதிரியாக விற்கவே தடை போட்டது. பெட்டியாக, கட்டாக மட்டும் விற்கும் அந்த ஏற்பாடு நாடு முழுக்க வர வேண்டும். கோவில்பட்டிப் பெட்டிக்கடை வரை அது நடக்கவும் வேண்டும்.