வீரனுக்கு உடை அமைத்த தையற்காரர் பிள்ளைகள்

ஆடை வடிவமைப்புப் பயிலும் மாணவர்களுக்குச் சில வேளைகளில் ஒரு பயிற்சி வேலை கொடுக்கப்படுவதுண்டு. சித்திரக் கதைகளில் வரும் சுப்பர் ஹீரோ ஒருவரை மனதிற் கொண்டு, புதிய உடை ஒன்றை வரைந்து, வெட்டி, தைத்துக் காட்ட வேண்டும். துணி விற்கும் விலையில் இந்த வேடிக்கை எதற்கு என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆயினும் இவ்வுடைகள் பிறந்த வீடுகளை நோக்கினால், அவை எமது வீடுகளுக்கு அதிக தூரமில்லை என்பது புலனாகும்.

ஊர் விட்டு வந்தவர்களின் பிள்ளைகள்

1938 ஆம் ஆண்டு அமெரிக்காவில் சுப்பர்மேன் கதை வெளிவந்தது. எழுதியவர் ஜெரி சீகல், வரைந்தவர் ஜோ ஷஸ்டர். கிளீவ்லண்ட் நகரப் பாடசாலையொன்றில் நண்பரான இவர்கள், ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். சீகலின் தந்தை துணிக்கடை நடத்தியவர். ஷஸ்டரின் தந்தை கனடாவின் ரொறன்ரோ நகரில் தையற்கடை வைத்திருந்தவர்.

ஸ்பைடர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்ரான் லீயின் தந்தை ருமேனியாவிலிருந்து வந்து, நியூயோர்க்கில் ஆடை வெட்டும் தொழில் செய்தவர். 1930களின் பொருளாதார மந்தத்தில் பல நாள் வேலையின்றித் தவித்தவர். கப்டன் அமெரிக்காவை ஜோ சைமனுடன் சேர்ந்து படைத்த ஜக் கேர்பியின் தந்தையும் ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளியே. கையில் வேறெதுவும் இல்லாதபோதும் ஊசியும் கத்தரிக்கோலும் இவர்களுக்குச் சோறு போட்டன.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேலை

சுப்பர்மேனின் இறுக்கமான உடையும் அதன்மேல் அணியும் கட்டைக் காற்சட்டையும் அக்காலச் சர்க்கஸ் பலசாலிகளின் உடையைத் தழுவியவை. உடல் வளையும்போது துணி தடுக்கலாகாது என்பதே அவ்வுடையின் நோக்கம். சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகியவை மலிவான தாளில் நாலு மையால் அச்சிட்டாலும் பளிச்செனத் தெரியும் நிறங்கள். பின்னால் பறக்கும் மேலங்கியோ, அசையாத படத்தில் வேகத்தைக் காட்டியது. ஆகவே இந்த உடையில் வீண் அலங்காரம் குறைவு.

போர்வையே மேலங்கியானது

ஸ்ரான் லீயும் கேர்பியும் 1966 இல் படைத்த பிளாக் பந்தர் என்னும் ஆபிரிக்க வீரனின் கதை 2018 இல் திரைப்படமாயிற்று. உடைகளை அமைத்த றூத் கார்ட்டர் ஆபிரிக்க மக்களின் உடைகளை ஆராய்ந்தார். லெசோத்தோ மலைநாட்டில் குளிருக்குப் போர்க்கும் கம்பளிப் போர்வை எல்லைக் காவலரின் மேலங்கியாயிற்று. சூலு இனத்தில் மணமான பெண்கள் அணியும் அகன்ற தொப்பி அரசியின் முடியாயிற்று. அதை முப்பரிமாண அச்சு இயந்திரத்தாற் செய்தனர். 2019 இல் ஆடை வடிவமைப்புக்கான ஒஸ்கார் விருது கார்ட்டருக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் ஆபிரிக்க அமெரிக்கர் அவரே.

எமது பிள்ளை தொடங்கும்போது

முதலில், வீரன் செய்யும் வேலை என்ன என்று எழுதட்டும். ஓடுபவனா, ஏறுபவனா, சுமப்பவனா? அதன் பின்பே படம் வரையட்டும்.

இரண்டாவது, பார்த்த படத்தை அப்படியே நகல் எடுக்காமல், சுற்றியிருப்பதைப் பார்க்கட்டும். மழைக்கு உரப்பையின் ஒரு மூலையை மறு மூலைக்குள் மடித்துத் தலையிற் கவிழ்த்துக்கொண்டு வயலுக்குப் போனவர்கள் நாம். தொப்பியும் மேலங்கியும் ஒன்றாயமைந்த உடை அதுவே. மழையில் நின்று நாற்று நடும் பெண்ணை வீராங்கனையாகக் கொண்டால், அவளுக்கேற்ற மேலங்கியை அந்த மடிப்பிலிருந்தே தொடங்கலாம்.

மூன்றாவது, புதுத்துணியை வெட்டுமுன் பழைய படுக்கை விரிப்பில் தைத்துப் பார்க்கட்டும். அணிந்தவர் கையை உயர்த்தவும் குந்தவும் வேண்டும். அக்குளில் இழுத்தால் அவ்விடத்தில் ஒரு சாய்சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் கை தாராளமாக அசையும். மேலங்கியைக் கழுத்தில் முடியாமல் இரு தோள்களிலும் பொருத்துவது நல்லது. எங்காவது சிக்கினாலும் கழுத்தை நெரிக்காது.

இறுதியாக ஒன்று. சீகலும் ஷஸ்டரும் 1938 இல் சுப்பர்மேனின் உரிமையை 130 டொலருக்கு எழுதிக் கொடுத்தனர். மற்றவர்கள் அதனாற் பெரும் பணம் ஈட்ட, இவர்கள் பல வருடம் வறுமையில் வாடினர். 1975 இலேயே வருடமொன்றுக்கு ஆளுக்கு 20,000 டொலர் கொடுப்பனவும், படைத்தவர் என்ற பெயரும் அவர்களுக்குக் கிடைத்தன. ஆகையால் உங்கள் பிள்ளை வரையும் ஒவ்வொரு தாளிலும் தன் பெயரையும் திகதியையும் எழுதி வைக்கட்டும். வடிவத்தை எவராவது விலைக்குக் கேட்டால், எழுத்திலுள்ளதை முழுவதும் வாசித்து விளங்கிய பின்பே ஒப்பமிடட்டும்.