5 ரன் வேணும்... 6 விக்கெட் இருக்கு... ஜெயிச்சது யாரு?

உங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. இன்ஜினீயரிங் மேத்ஸ் இல்லை, பயப்படாதீங்க!

40 ஓவர் மேட்ச். 39 ஓவர் முடிஞ்சாச்சு. ஜெயிக்க இன்னும் 5 ரன்தான் வேணும். கையில 6 விக்கெட் இருக்கு. 65 ரன் அடிச்ச ஓப்பனர் கிரீஸ்ல செட்டாகி நிக்கிறார். யார் ஜெயிப்பாங்க?

"இதெல்லாம் ஒரு கேள்வியா பாஸ்?"னு உறையூர்ல எந்தத் தெரு டீமைக் கேட்டாலும் சிரிப்பாங்க. ஃபீல்டிங் டீம் மனசுக்குள்ளேயே ஸ்டம்ப்பைப் பிடுங்கி கிட் பேக்ல போட்டிருக்கும். பேட்டிங் டீம், ஜெயிச்ச காசுல பரோட்டாவா, பிரியாணியான்னு பட்டிமன்றமே ஆரம்பிச்சிருக்கும்.

ஆனா ஜெயிச்சது ஃபீல்டிங் டீம்! அதுவும் 4 ரன் வித்தியாசத்துல. கதை இல்லை மக்களே... நெஜம்!

ஆறு பந்து... ஆறு டிக்கெட்!

2023 நவம்பர் மாசம். ஆஸ்திரேலியாவுல கோல்ட் கோஸ்ட் ஏரியாவின் கிளப் லீக். அதுலயும் மூணாவது டிவிஷன். நம்மள மாதிரியே வாரமெல்லாம் வேற வேலை பார்த்துட்டு, லீவு நாள்ல பேட்டைத் தூக்கிட்டு வர்ற ஆளுங்க ஆடுற மேட்ச். ஒரு பக்கம் முட்ஜீராபா டீம், இன்னொரு பக்கம் சர்ஃபர்ஸ் பாரடைஸ். முட்ஜீராபா எடுத்தது 178. சேஸ் பண்ண சர்ஃபர்ஸ் பாரடைஸ், கடைசி ஓவருக்கு முன்னாடி 174-க்கு 4 விக்கெட்.

பந்தைக் கையில எடுத்தவர் முட்ஜீராபா கேப்டன் கேரத் மோர்கன். "நீங்க ஜெயிக்கணும்னா ஹாட்ரிக்தான் எடுக்கணும்"ங்கிற மாதிரி அம்பயர் கிண்டலாச் சொன்னாராம். மேட்ச் முடிஞ்சப்புறம் மோர்கனே சொன்ன விஷயம் இது.

முதல் பந்து: செட்டாகி இருந்த ஓப்பனர் கேட்ச்! ரெண்டாவது பந்து: கேட்ச்! மூணாவது: கேட்ச்... ஹாட்ரிக்! சரி, அம்பயர் கேட்டதைக் கொடுத்தாச்சேன்னு ஆள் நிறுத்தினாரா? நாலாவது பந்துலயும் கேட்ச். அஞ்சாவது பந்துல ஸ்டம்ப் தெறிச்சது. ஆறாவது பந்துலயும் ஸ்டம்ப் தெறிச்சது. ஸ்கோர் போர்டு 174-ஐ விட்டு அசையவே இல்லை. ஆல் அவுட்!

மோர்கனின் மொத்தக் கணக்கு, 16 ரன்னுக்கு 7 விக்கெட். அதுல ஆறு, ஒரே ஓவர்ல வந்தது!

பெரிய பெரிய ஆளுங்களே இதைச் செஞ்சதில்லை. ஒரே ஓவர்ல 5 விக்கெட் எடுத்தவங்கன்னு பார்த்தா, 2011-ல் நியூசிலாந்தின் நீல் வாக்னர், 2013-ல் வங்கதேசத்தின் அல்-அமீன் ஹொசைன், 2019-ல் நம்ம கர்நாடகாவின் அபிமன்யு மிதுன். அதுவே புரொஃபஷனல் கிரிக்கெட்டில் பெரிய சாதனை. இங்கே ஒரு மூணாவது டிவிஷன் கேப்டன் அதையும் தாண்டிட்டார்.

எதிர்ல நின்ன பாவப்பட்ட ஆள்!

இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச கேரக்டர் மோர்கன் இல்லை. நான்-ஸ்ட்ரைக்கர் எண்டுல நின்னாரே ஒருத்தர், அவர்தான்! அந்த ஓவர்ல ஒரு பந்துகூட ஃபேஸ் பண்ணாமலே, ஆறு பேரை வழியனுப்பி வச்சார் மனுஷன்.

"கேட்ச் பிடிக்கிறதுக்குள்ள க்ராஸ் பண்ணியிருந்தா அவரே ஸ்ட்ரைக்குக்கு வந்திருக்கலாமே?"ன்னு கேட்பீங்க. பழைய விதிப்படி சரிதான். ஆனா 2022 அக்டோபர்ல இருந்து விதி மாறிடுச்சு. கேட்ச் அவுட் ஆனா, ஓவர் முடியாத வரைக்கும், புதுசா வர்ற பேட்ஸ்மேன்தான் அடுத்த பந்தைச் சந்திக்கணும். க்ராஸ் பண்ணினாலும் பிரயோஜனமில்லை. நம்ம தெரு டீம்ல பாதிப் பேர் இன்னும் பழைய விதியிலதான் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க, நோட் பண்ணிக்கோங்க!

விளைவு? பேடு கட்டி உள்ளே வந்த அஞ்சு பேரும் முதல் பந்துலயே காலி. கிரவுண்ட்ல வெயிலுக்குக் கண்ணு பழகுறதுக்குள்ளயே வெளியே! 5 ரன்னை ஒவ்வொரு ரன்னா தரையோட தட்டி எடுத்திருக்கலாம். ஆனா நாலு பந்து காத்துல போச்சு. கையில நிறைய விக்கெட் இருக்கும்போதுதான், "நான் முடிச்சு வைக்கிறேன்"ங்கிற ஆசை ஒவ்வொருத்தருக்கும் வரும்போல!

நம்ம ஊர் கடைசி ஓவர்

இப்போ இதே ஓவரை அப்படியே உறையூருக்குக் கொண்டு வாங்க. டென்னிஸ் பால். பக்கத்து ஏரியா டீமோட பெட் மேட்ச். அம்பயர் யாரு? பேட்டிங் டீம்ல அடுத்து இறங்கப்போற ஆள். ஸ்கோர் எங்கே இருக்கு? யாரோ ஒருத்தர் நோட்டுல கடைசிப் பக்கம், இல்லைன்னா இன்னொருத்தர் மண்டைக்குள்ள!

மூணாவது விக்கெட் விழுந்ததுமே, "அது நோ பால்டா"ன்னு ஒரு குரல் வரும். நாலாவது விக்கெட்டுக்கு, "14-வது ஓவர்ல ஒரு பவுண்டரியை நீ எழுதவே இல்லை"ன்னு இன்னொரு குரல். அஞ்சாவது விக்கெட்டுக்கு, "போங்கு ஆட்டம்!" ஆறாவது பந்தைப் போடவே விட மாட்டாங்க. ஸ்டம்ப் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். அப்புறம் ரெண்டு டீமும் சேர்ந்து ஆடவே ஆடாது. ஸ்கூல்லேர்ந்து ஒண்ணா வந்த ஃப்ரெண்ட்ஷிப், ஒரு வைட் பால்ல முடிஞ்சு போகும்.

நெருக்கமான மேட்சுதான் வருஷக்கணக்கா பேசப்படும். ஆனா பேசப்படணும்னா, முதல்ல அது ஒழுங்கா முடியணும். ரெண்டு பக்கமும் ஒத்துக்கிற ஸ்கோர் இருந்ததாலதான், லைவ் டெலிகாஸ்ட் ஆகுற பெரிய மேட்ச் இல்லைன்னாலும் மோர்கனோட ஓவரை உலகம் நம்புச்சு.

சேப்பாக்கத்துல உயர்ந்த விரல்!

கணக்கு மட்டும் சரியா இருந்தா போதுமா? போதாது. நம்ம சென்னையிலேயே அதுக்கு ஒரு சாட்சி இருக்கு.

1986 செப்டம்பர் 22. சேப்பாக்கம். இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட்டின் கடைசி நாள், கடைசி ஓவர். இந்தியாவுக்கு 4 ரன் வேணும், ஒரே ஒரு விக்கெட் பாக்கி. கிரெக் மேத்யூஸ் பந்து வீச, ரவி சாஸ்திரி ரெண்டு ரன்னும், அப்புறம் ஒரு ரன்னும் எடுத்து ஸ்கோரைச் சமன் பண்ணிட்டார். மிச்சம் மூணு பந்து. ஸ்ட்ரைக்ல மணீந்தர் சிங். ஒண்ணைத் தடுத்தார். அடுத்தது பேடுல பட்டது. அம்பயர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கிட்டார். எல்பிடபிள்யூ!

ரெண்டு டீமும் ரெண்டு இன்னிங்ஸ் சேர்த்து 744, 744. மேட்ச் டை! இத்தனை வருஷ டெஸ்ட் வரலாற்றில் டை ஆனது ரெண்டே ரெண்டு மேட்ச். 1960-ல் பிரிஸ்பேன்ல நடந்தது ஒண்ணு, நம்ம சேப்பாக்கம் இன்னொண்ணு.

பந்து முதல்ல பேட்ல பட்டுச்சுன்னு மணீந்தர் சொன்னார். விக்ரம்ராஜு அதுக்கப்புறம் வேற எந்த டெஸ்ட்லயும் அம்பயரா நிற்கவே இல்லை. ரீப்ளே பார்த்து முடிவு பண்ற தேர்ட் அம்பயர் எல்லாம் அப்போ கிடையாது. சொந்த நாடு ஜெயிக்க ஒரே ஒரு ரன் வேணும்ங்கிற நேரத்துல, தன் கண்ணுக்குப் பட்டதைத் தயங்காமச் சொன்னார். தீர்ப்பு சரியா தப்பான்னு இன்னும் பேசிக்கிட்டேதான் இருக்காங்க. ஆனா மேட்ச் அங்கேயே முடிஞ்சுது. யாரும் ஸ்டம்ப்பைப் பிடுங்கிட்டு வீட்டுக்குப் போகலை!

டாஸுக்கு முன்னாடி நாலு விஷயம்

அதனால அடுத்த மேட்சுக்கு டாஸ் போடுறதுக்கு முன்னாடி, ரெண்டு கேப்டனும் அஞ்சு நிமிஷம் உட்காருங்க.

ஒண்ணு: ஸ்கோர் எழுத ரெண்டு பேர், டீமுக்கு ஒருத்தர், பக்கத்துப் பக்கத்துல. கிரிக்கெட் விதியே ரெண்டு ஸ்கோரர்தான் சொல்லுது. ஒவ்வொரு ஓவர் முடிஞ்சதும் சரிபார்த்து, சத்தமா சொல்லுங்க. நம்ம வெக்காளியம்மன் கூரையில்லாம வெட்டவெளியில இருக்காளே, அந்த மாதிரி ஸ்கோரும் நாலு பேர் பார்க்க இருக்கட்டும்!

ரெண்டு: கடைசி அஞ்சு ஓவருக்காவது, அன்னைக்கு ஆடாத மூணாவது டீம் ஆள் ஒருத்தரை அம்பயரா நிறுத்துங்க. டீ, வடை செலவு ரெண்டு டீமுக்கும் பொது.

மூணு: டை ஆனா என்ன பண்றதுன்னு முன்னாடியே பேசிடுங்க. 2019 உலகக்கோப்பை ஃபைனல் டை, சூப்பர் ஓவரும் டை, கடைசியில பவுண்டரி கணக்குல இங்கிலாந்து ஜெயிச்சது. உலகமே கொந்தளிச்சதும், அதே வருஷம் அக்டோபர்ல ஐ.சி.சி. அந்த விதியையே தூக்கிடுச்சு.

நாலு: அவுட் இல்லைன்னு தெரிஞ்சா, அம்பயர் கொடுத்திருந்தாலும் கேப்டன் அப்பீலை வாபஸ் வாங்கலாம். அடுத்த பந்து ஆட்டத்துக்கு வர்றதுக்குள்ள, அம்பயர் சம்மதத்தோட செய்யணும். 1980-ல் பம்பாய் டெஸ்ட்டில் நம்ம கேப்டன் குண்டப்பா விஸ்வநாத், இங்கிலாந்தின் பாப் டெய்லரை அப்படித்தான் திரும்பக் கூப்பிட்டார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் பார்ட்னர்ஷிப். இந்தியா தோத்துச்சு. ஆனா விஸ்வநாத்தின் பேர் தோக்கலை.

"தெரு மேட்சுக்கு இவ்வளவு பில்டப்பா?"ன்னு கேட்காதீங்க. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில டென்னிஸ் பால்ல யார்க்கர் போட்டுப் பழகின நடராஜன்தான், 2020 - 21 ஆஸ்திரேலியா டூர்ல ஒருநாள், ட்வென்டி 20, டெஸ்ட்னு மூணுலயும் இந்தியாவுக்காக அறிமுகமானார். டெஸ்ட் ஆடின ஊர் பிரிஸ்பேன். மோர்கனோட கோல்ட் கோஸ்ட்டுக்குப் பக்கத்து ஊர்தான்!

ஸோ, வர்ற ஞாயிற்றுக்கிழமை எதிர் டீமுக்கு 5 ரன் வேணும், 6 விக்கெட் இருக்குன்னா, கிட் பேக்கைத் தொடாதீங்க. முதல் பந்தைப் போடுங்க. ஆறாவது பந்தும் முடிஞ்சதும் துள்ளிக் குதிக்கிறதுக்கு முன்னாடி, ரெண்டு நோட்டையும் ஒரு தடவை பக்கத்துல வச்சுப் பாருங்க. அப்புறம் கத்துங்க... மலைக்கோட்டை வரைக்கும் கேட்கட்டும்!