தாய்மை உதவித்தொகை: காலத்தே பதிவு செய்வது அவசியம்

புதுதில்லி: அரசு மருத்துவமனைகளில் பிரசவத்துக்குக் கட்டணம் கிடையாது. 2011-இல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்கீழ் அறுவைச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, ரத்தம், உணவு, வீட்டிலிருந்து சென்று திரும்ப வாகனம் ஆகியவை இலவசமாக வழங்கப்பட வேண்டும்.

ஆனால், பிரதமரின் மாத்ரு வந்தனா திட்ட உதவித்தொகை தானாக வந்து சேர்வதில்லை. பொருளாதாரத்தில் பின்தங்கிய குடும்பங்களில் முதல் குழந்தைக்கு ரூ.5,000 இரு தவணைகளாக அளிக்கப்படுகிறது. கடைசி மாதவிடாய் நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்து, ஒரு முறையேனும் மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டால் ரூ.3,000 கிடைக்கும். பிறப்பைப் பதிவு செய்து, குழந்தைக்கு முதல் சுற்றுத் தடுப்பூசிகள் போட்ட பின் ரூ.2,000 வழங்கப்படும். இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் ரூ.6,000 ஒரே தவணையில் கிடைக்கும்.

இதற்கு அங்கன்வாடிப் பணியாளரையோ, ஆஷா பணியாளரையோ அணுகலாம். தொகை, ஆதாருடன் இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படும்.

நான்காவது மாதம் முதல், ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் நடைபெறும் சிறப்பு முகாமில் மருத்துவரிடம் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம் போன்ற ஆபத்துகள் இதில் முன்கூட்டியே தெரியவரும். பிரசவத்துக்காகத் தாய்வீடு செல்லும் பெண்கள், தாய்-சேய் பாதுகாப்பு அட்டையை உடன் எடுத்துச் சென்றால், அங்குள்ள செவிலியர் முந்தைய பரிசோதனை விவரங்களை அறிந்து சிகிச்சையைத் தொடர முடியும்.