தொடரும் போட்ட போர்

1954 மார்ச். கொரியப் போரின் துப்பாக்கிகள் ஓய்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. சியோல் தேசியப் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஹ்வாங் சான்தொக், நாட்டுக்குப் புதிய எதிரி ஒன்றைக் கண்டுபிடித்தார். ஐந்து லட்சம் சீனப் படைவீரர்களுக்குச் சமமாம் அது. அந்த எதிரி ஒரு தொடர்கதை!

'சியோல் ஷின்முன்' நாளிதழில் ஜனவரி 1 முதல் தினமும் வந்துகொண்டிருந்தது ஜோங் பிசோக் எழுதிய 'சுதந்திர மாது'. மொழியியல் பேராசிரியரின் மனைவி ஓ சன்யோங், வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்கிறாள். பக்கத்து வீட்டு மாணவனிடம் நடனம் கற்கிறாள். கணவரோ அமெரிக்கப் படை அலுவலகத் தட்டச்சுப் பெண்ணிடம் மனம் இழக்கிறார். பேராசிரியர் குலத்தையே இழிவுபடுத்திவிட்டதாக ஹ்வாங் கொதித்தார். படிக்காமலே எப்படித் திட்டுகிறீர்கள் என்று பத்திரிகையிலேயே திருப்பிக் கேட்டார் ஜோங். வழக்கறிஞர் ஒருவரும் இலக்கிய விமர்சகர் ஒருவரும் களத்தில் குதித்தார்கள்.

இதே கதை முதலில் புத்தகமாக வந்திருந்தால் இத்தனை ரகளை நடந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். முடிந்த கதைக்குத் தீர்ப்புச் சொல்லலாம். முடியாத கதையைத்தான் தடுத்து நிறுத்தப் பார்க்கலாம். ஹ்வாங் சீறியபோது சன்யோங் முழுதாக வழி தவறியிருக்கவே இல்லை. நாளைய இதழில் அவள் என்ன செய்வாள் என்பது யாருக்கும் தெரியாது. கண்டனம், பதில், மறுபதில் எல்லாம் நடந்துகொண்டிருக்க, கதையும் தன் பாட்டுக்கு நடந்தது. சண்டையைக் கேள்விப்பட்டவர்கள் கதையைத் தேடி வாங்கினார்கள். ஆசிரியரை விசாரணை அதிகாரிகள் அழைத்துக் குடைந்ததும் உண்டு. ஆகஸ்டில் 215 அத்தியாயங்களோடு தொடர் முடிந்ததும் பத்திரிகையின் விற்பனை ஐம்பதாயிரம் பிரதிகளுக்கு மேல் சரிந்தது என்பார்கள். நூல் ஒரு லட்சம் பிரதிகளைத் தாண்டியது. 1956-இல் படமாகவும் வந்து கூட்டத்தையும் சர்ச்சையையும் சேர்த்தே இழுத்தது.

கதையைப் பற்றிச் செய்தி வந்தது ஒருபுறம். செய்தியும் கதைக்குள் நுழைந்தது. அப்போது ஜனாதிபதி சிங்மன் ரீ, கொரிய எழுத்துக்கூட்டலை எளிமையாக்கியே தீருவதென்று பிடிவாதமாக இருந்தார். அறிஞர்கள் எதிர்த்தார்கள். தொடரின் முடிவில் ஜோங் தம் பேராசிரியரை எழுத்துக்கூட்டல் பற்றிய பொதுவிசாரணையில் பேசவைக்கிறார். கூட்டத்தில் ஒருத்தியாக மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள், குடும்பம் ஒட்டிக்கொள்கிறது. வெளியே நிஜத்தில் அந்தச் சண்டை இன்னும் ஓராண்டு ஓடியது. 1955 செப்டம்பரில் ரீ தம் திட்டத்தைக் கைவிட்டார்.