டிசைன் சாஃப்ட்வேரில் தமிழ் எழுத்து உடைவது ஏன்? ‘சின்ன’ கோளாறு, பெரிய தலைவலி: முழு விளக்கம்

கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, பனியன் லேபிள், மொபைல் ஆப் என எதுவாக இருந்தாலும் இப்போது டிசைன் எல்லாம் கம்ப்யூட்டரில்தான். வாட்ஸ்அப்பில் வந்த ‘கொங்கு’ என்ற சொல்லை டிசைன் சாஃப்ட்வேரில் ஒட்டினால், சில நேரம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறி நிற்கும். ‘போன்ல நல்லாத்தானுங்க இருந்துச்சு, இங்க ஏனுங்க உடையுது?’ என்பது கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் டிடிபி வேலை பார்ப்பவர்கள் வாயில் அடிக்கடி வரும் கேள்வி.

சாஃப்ட்வேர் கம்பெனிகளின் பட்டியலில் இது ‘மைனர் பக்’. அதாவது சின்னக் கோளாறு. ஆனால் ஆயிரம் பத்திரிகை அச்சடித்த பிறகு மாப்பிள்ளை பெயரில் பிழை தெரிந்தால், அந்தக் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமா என்ன?

எழுத்து ஏன் உடைகிறது?

‘கொ’ என்ற எழுத்தைக் கம்ப்யூட்டர் ஒரே எழுத்தாகச் சேமிப்பதில்லை. முதலில் ‘க’, அடுத்து ஒகரக் குறி என இரண்டு துண்டாக வைத்துக்கொள்கிறது. திரையில் காட்டும்போது ஒற்றைக் கொம்பைக் ‘க’வுக்கு முன்னாலும், காலைப் பின்னாலும் கொண்டுபோய்ப் பொருத்த வேண்டும். இந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு ‘ஷேப்பிங் இன்ஜின்’ என்று பெயர்.

ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆஃபிஸ் ஆகியவற்றில் ‘ஹார்ஃப்பஸ்’ என்ற இலவச இன்ஜின் இந்த வேலையைப் பார்க்கிறது. அதனால்தான் போனில் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறது. சில டிசைன் சாஃப்ட்வேர்கள் ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் இந்தப் பொருத்தும் வேலை நடக்காமல் போனால், குறிகள் தனித்தனியாகக் கழன்று நிற்கும்.

ஈரோட்டில் தொடங்கிய பஞ்சாயத்து

தமிழ் எழுத்துக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான இழுபறி புதிதல்ல. அச்சுக் கோக்க எளிதாக இருக்க வேண்டும் என்று ‘ணை’, ‘லை’, ‘னா’, ‘றா’ போன்ற எழுத்துகளின் வடிவத்தைப் பெரியார் மாற்றி, 1935-ல் ‘குடி அரசு’ இதழில் பயன்படுத்தினார். அந்த இதழ் தொடங்கப்பட்ட ஊர் ஈரோடு. அந்தச் சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு 1978-ல் ஏற்றுக்கொண்டது.

அடுத்த திருப்பம் கோவையில். 2010 ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. தமிழ் இணைய மாநாடும் அதோடு சேர்ந்து நடந்தது. அந்த நேரத்தில்தான் யூனிகோடைத் தமிழுக்கான தரமாகத் தமிழக அரசு அறிவித்தது. யூனிகோடு சரிவர வேலை செய்யாத சாஃப்ட்வேர்களுக்கு மாற்றாக ‘டேஸ் 16’ என்ற முறையையும் ஏற்றது. அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் உண்டு. பொருத்தும் வேலையே கிடையாது. டிசைன் சாஃப்ட்வேரில் எழுத்து உடையும் என்பது அப்போதே தெரிந்த பிரச்சினை என்பதற்கு இதுவே சாட்சி.

பழைய ஃபாண்டை விட முடியாதது ஏன்?

பல டிசைன் சென்டர்களில் இன்றும் பாமினி போன்ற பழைய ஃபாண்டுகள் ஓடுகின்றன. இவை ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டி வைப்பவை. எழுத்து உடையாது. ஆனால் அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். கூகுளில் தேடினால் கிடைக்காது. பார்வையற்றோர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடரும் தப்பும் தவறுமாக வாசிக்கும். ‘உடையாம வேலை முடியட்டும்’ என்பதற்காகக் கொடுக்கும் விலை இது.

அடிக்கடி மாட்டும் இடங்கள்

• எழுத்து இடைவெளி: ஆங்கிலத் தலைப்பு போல இடைவெளியைக் கூட்டினால், கொம்பும் காலும் விலகி ‘கோவை’யே கலைந்துபோகும்.

• வரி உயரம்: ‘மீ’யின் மேல் சுழியும் ‘ழு’வின் கீழ் வாலும் வெட்டுப்படும்.

• பட்டன் அகலம்: ஃபிக்மா போன்ற டூல்களில் ஆங்கிலத்தில் வரைந்த பட்டனில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று போட்டால் பாதி வெளியே நிற்கும்.

• ஔகாரக் குழப்பம்: ‘கௌரி’யில் வருவது ஔகாரக் குறி. அதற்குப் பதில் ‘ள’ எழுத்தைத் தட்டினாலும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் வராது. இது சாஃப்ட்வேர் பிழை அல்ல, தட்டச்சுப் பிழை.

முதலில் இதைச் செய்து பாருங்கள்

புகார் செய்யும் முன் செட்டிங்கைப் பார்ப்பது நல்லது. 2012-ல் வந்த இன்டிசைன் சிஎஸ் 6 முதல், பத்திகளுக்கான மெனுவில் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசர் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் ஒழுங்காக அமரும். போட்டோஷாப்பிலும் ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’ உண்டு. இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான ஆப்ஷனை முதலில் ஆன் செய்ய வேண்டும்.

அடுத்து ஃபாண்டை மாற்றிப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் ஆகியவை இலவசம். மாற்றியதும் சரியானால், குறை ஃபாண்டில். அப்போதும் உடைந்தால், குறை சாஃப்ட்வேரில்.

சோதிக்க ஒரு வரி: ‘ஸ்ரீ கோனியம்மன், கொங்கு, கௌரி, லக்ஷ்மி, சூலூர், பூந்துறை.’ இது சரியாக வந்தால் பெரும்பாலான எழுத்துகள் வந்துவிடும்.

புகார் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்கு எழுத்துக் கூட்டு ஐபோனுக்கு வந்தால் மெசேஜ் ஆப் முடங்கியது. உலகம் முழுக்கச் செய்தியானது. சில நாட்களிலேயே ஐஓஎஸ் 11.2.6 வெளியிட்டு ஆப்பிள் சரிசெய்தது. எல்லோரையும் அடிக்கும் பிழைக்கு இந்த வேகம். தமிழில் தட்டுபவருக்கு மட்டும் தெரியும் பிழையோ வரிசையின் கடைசியில் நிற்கும். எத்தனை பேர் சொல்கிறார்கள், இன்ஜினியரால் அதைத் தன் கம்ப்யூட்டரில் மறுபடி வரவழைக்க முடிகிறதா என்பவைதான் வரிசையை மாற்றும்.

‘தமிழ் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் பலன் இருக்காது. அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுத வேண்டும்:

1. சாஃப்ட்வேர் வெர்ஷன், விண்டோஸா மேக்கா, ஃபாண்டின் பெயர்.

2. உடைந்த சொல்லைக் காப்பி செய்யக்கூடிய எழுத்தாகவே தருவது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அவரால் அதைத் தட்டிப் பார்க்க முடியாது.

3. தவறான படம், பக்கத்திலேயே சரியான படம்.

4. என்ன செய்தபோது உடைந்தது என்று ஒவ்வொரு படியாக.

5. இதனால் எந்த வேலை நின்றது என்று ஒரு வரி.

ஒரு புகாரில் ஒரு பிழை மட்டும் இருக்கட்டும். அதே பிழையை வேறொருவர் முன்பே சொல்லியிருந்தால், புதிதாக எழுதாமல் அங்கேயே ஆதரவைப் பதிவு செய்தால் எண்ணிக்கை கூடும்.

அதுவரை வேலை நிற்க முடியாதே! அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்துகளை அவுட்லைனாக மாற்றி, பிடிஎஃப் எடுத்து, டிசைன் செய்தவர் அல்லாத இன்னொருவர் கண்ணால் ஒரு தடவை வாசிக்கச் செய்வதே இப்போதைக்குப் பாதுகாப்பான வழி.